உத்தரவுக்கு ஆன கூலி

எங்கள் சந்தில் ஓடிய தண்ணீரை முதலில் சொல்லிவிட வேண்டும். அதை விட்டுவிட்டு நாகராஜ் வீட்டுக்கு நடந்ததை மட்டும் சொன்னால் ஒரு பக்கத்து ஆளாக நின்று பேசினதாகிவிடும். அரிசி கழுவிய தண்ணீர், உளுந்துத் தோல் மிதக்கும் தண்ணீர், கிரைண்டரை அலம்பிக் கொட்டிய வெள்ளைத் தண்ணீர் எல்லாம் அவன் வாசலிலிருந்து இறங்கி என் வீட்டுப் படிக்குக் கீழே வந்து நிற்கும். மழைக்காலத்தில் எங்கேயாவது அடித்துக்கொண்டு போகும். வெயில் ஏறினால் போகாது. கைக்குழந்தை பால் கக்கிய துணியை மூலையில் போட்டு மறந்துவிட்டால் என்ன வாடை வருமோ அந்த வாடை. மிதக்கும் உளுந்துத் தோலில் புழு நெளியும். பெருச்சாளி பகலிலேயே நடமாடும், பூனைதான் ஒதுங்கிப் போகும். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நான் அதைத் தாண்டியிருக்கிறேன். தாண்டி வந்து காலைக் கழுவியும் சோறு இறங்காமல் இருந்த நாள் உண்டு.

நாகராஜ் ஆட்டோ ஓட்டுகிறவன். மாவு அரைத்து விற்பது அவன் பெண்டாட்டி தேவானை. மேற்கு மாம்பலத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அவர்கள் வாசல் அறையில் சிமெண்ட் மேடை போட்டு, போல்ட் வைத்து முறுக்கிய இரண்டு பெரிய சாய்க்கிற கிரைண்டர்கள். விடிவதற்கு வெகு முன்பே ஓடத் தொடங்கும். என் தலைமாட்டுச் சுவர் அதிரும். முதலில் உளுந்து. தண்ணீரைத் தெளித்துத் தெளித்து விட்டு, பந்துபோல எழும்பி வருகிறதா என்று தேவானை கையை விட்டுப் பார்ப்பாள். பிறகு அரிசி. அவள் வலது கை முழங்கை வரைக்கும் எப்போதும் வெளுத்திருக்கும். விரல் இடுக்கில் தோல் ஊறி வெந்துபோய் இருக்கும். வெளிச்சம் வந்ததும் தூக்கும் டப்பாவுமாக ஆட்கள் வந்துவிடுவார்கள். மின்சார ரயிலைப் பிடிக்க ஓடுகிற சனம். அவர்கள் வீட்டில் அடுப்பு எரிவதே இவள் மாவை நம்பித்தான். ஆட்டோ சம்பாதித்தது ஆட்டோவுக்கே போய்விடும். அந்த வீடு நின்றது இரண்டு கிரைண்டர் மேல்.

எதிர் ஃப்ளாட்டில் முதல் மாடியில் வைதேகி மாமி. வீட்டுக்காரர் பக்கவாதம் வந்து படுக்கையில் கிடப்பவர். மாமி ஒரு நாள் மாவு வாங்க வந்த இடத்தில் ஆரம்பித்தாள்.

"ஏண்டிம்மா தேவானை, மனுஷா தூங்க வேண்டாமா? எங்காத்து மாமா ராத்திரி பூரா முழிச்சுண்டு கெடந்துட்டு விடிகாலம்தான் சித்த கண்ணை மூடறார். அப்பப் பாத்து நீ மிஷினைப் போடறே."

"வெளுத்ததும் ஒங்களுக்கு மாவு வோணும்ல மாமி? அப்பால எப்போ அரைக்கிறது?"

"முதல் நாளே அரைச்சு வெச்சுடேன்."

"போன வாரம் நேத்து மாவுதான் குடுத்தேன். புளிச்சுப் போச்சுன்னு திருப்பி எட்த்துக்கினு வந்தீங்களே."

மாமி தூக்கை நீட்டினாள். "சரி சரி, ஒரு கிலோ போடு. கொஞ்சம் தாராளமாப் போடு."

அதே மாமிதான் மனு எழுதினாள். ஃப்ளாட்டில் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள். என்னிடமும் வந்தது. நாற்றத்தில் பாதியை முகர்கிறவன் நான்தானே! ஆனால் சர்க்காருக்குப் போகும் காகிதத்தில் நான் கையெழுத்துப் போடுகிறதில்லை. எழுத்துக்கூட்டித்தான் படிப்பேன். படித்தவர்கள் படித்துக் காட்டினால் இன்னும் நம்ப மாட்டேன். போய்விட்டு அப்புறம் வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். அப்புறம் யாரும் வரவில்லை. என் கையெழுத்து இல்லாமலே மனு போய்ச் சேர்ந்தது.

ஆர்.டி.ஓ. ஆபீசிலிருந்து நாகராஜ் பேருக்கு நோட்டீஸ் வந்தது. கிரைண்டரை எடு, இல்லாவிட்டால் ஏன் எடுக்கக் கூடாது என்று நேரில் வந்து சொல்லு என்று அதில் இருந்தது. அவன் சிரித்தான். "ஆர்.டி.ஓ.ன்னா வண்டி லைசென்சு குடுக்கறவன்தான நைனா? கிரைண்டருக்கும் எப்.சி. கேக்கறானா?" அது வேறு, இது வேறு, இவர் வருவாய்க் கோட்டாட்சியர், மாஜிஸ்ட்ரேட் வேலையும் பார்க்கிறவர் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். துணைக்கு என்னையும் ஆட்டோவில் இட்டுக்கொண்டு போனான்.

கூண்டு கிடையாது, கறுப்பு அங்கி கிடையாது. மேஜைக்குப் பின்னால் ஒரு சின்ன வயசுப் பெண், அதுதான் ஆர்.டி.ஓ. மேலே ஃபேன். மாமியும் ஃப்ளாட்டுக்காரர்கள் இரண்டு பேரும் ஓரமாக நின்றார்கள். சந்துத் தண்ணீரைப் படம் பிடித்து எடுத்து வந்திருந்தார்கள். படத்தில் என் வீட்டுப் படியும் இருந்தது.

"ஒங்க பக்கத்துல சொல்றதுக்கு என்ன இருக்கு?" என்று அந்த அம்மா நாகராஜைக் கேட்டது.

"கீதுங்க மேடம். தோ நிக்கிறாங்களே, எல்லாரும் எங்க கஷ்டமருதான். காலைலகூட மாமி மாவு வாங்கினாங்க."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டது. "வாங்கினாங்கன்னா அந்தத் தண்ணி வாசனையாயிடுமா? தண்ணி எங்க போகுது, சத்தம் எத்தனை மணிக்கு, அதைச் சொல்லுங்க."

எந்நேரமும் வாய் ஓயாத நாகராஜ் அங்கே தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். வக்கீல் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள், அடுத்த தேதி கொடுத்தார்கள். வக்கீலும் வைக்கவில்லை, அடுத்த தேதிக்கு அவன் போகவும் இல்லை. இறுதி உத்தரவு என்று ஒன்று வந்தது. இன்ன தேதிக்குள் அரைப்பதை நிறுத்தி மெஷினை அப்புறப்படுத்த வேண்டும், தவறினால் தண்டனை, தவிர சர்க்காரே அப்புறப்படுத்தி அந்தச் செலவை வசூலிக்கும்.

தேவானை பயந்துபோனாள். "எடுக்கச் சொல்லிட்டாங்களே, எங்க கொண்டுபோய் வெக்கிறது?"

"நீ இன்னாத்துக்குப் பேஜாராவறே? டயம் முடியட்டும். கேஸு போடுவான். பைன் கட்டிட்டா மேட்டர் ஓவர்."

"அதான் அப்புறப்படுத்துவோம்னு எழுதிக்கீதே."

"அப்டித்தான் எழுதுவான். எங்கம்மா காலம் பூரா பாண்டி பஜார் பிளாட்பாரத்துல பூ வித்துது. மாசாமாசம் பெட்டி கேஸு. காலைல கோர்ட்டுல கட்டும், சாயங்காலம் அதே எட்த்துல கூடையப் போட்டுக்கினு குந்தும். எவன் கேட்டான்? நானு, நோ பார்க்கிங்ல எத்தினி வாட்டி கட்டிக்கிறேன்? கட்டிட்டு அங்கியேதான வண்டிய போடறேன்? கெவர்மெண்டுக்கு வாடகை குடுக்கறா மாதிரிதான் இதெல்லாம்."

பட்டணத்தில் தெருவில் பிழைக்கிறவன் எல்லாரும் இப்படித்தான் வைத்திருக்கிறான். அபராதம் என்றால் தப்புக்குத் தண்டனை என்று எவனும் நினைப்பதில்லை, அடுத்த மாதம் வரைக்கும் அனுமதி என்று எடுத்துக்கொள்வான். எனக்கும் அவன் சொன்னது சரியாகத்தான் பட்டது.

தேதி தாண்டியது. உத்தரவை மீறினதாகக் கேஸ் வந்தது. நாகராஜ் கிளம்பி சைதாப்பேட்டை கோர்ட்டுக்குப் போனான், ஒத்துக்கொண்டான், கட்டினான். திரும்பும்போது அரைக் கிலோ மிக்சர் வாங்கி வந்து எனக்கும் ஒரு கை கொடுத்தான்.

"அரைக்கலாம்னு யார்னா சொன்னாங்களா?" என்று தேவானை கேட்டாள்.

"துட்டு வாங்கிக்கினு ரசீது குடுத்துகீறான். அப்பால இன்னா?"

"நீ வாயத் தொறந்து கேட்டியா இல்லியா?"

"கேட்டா இல்லாத சட்டம்லாம் எடுத்து உடுவான்டி. கேக்காத வந்தம் பாரு, அதான் மூள."

அன்றைக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகவே உளுந்து ஊறப் போட்டார்கள்.

மாசி மாதம் ஒரு காலை வேளை. அரைத்து முடித்து, இரண்டாவது தடவைக்கு அரிசி ஊறிக்கொண்டிருந்தது. சின்ன லாரி ஒன்று சந்து முனையில் நின்றது. உள்ளே வர இடமில்லை. வருவாய் ஆய்வாளர் தணிகாசலம், ஒரு கான்ஸ்டபிள், கடப்பாரையோடு கூலிக்கு வந்த நாலு பேர். தணிகாசலத்துக்கு வியர்த்துக் கொட்டியது. கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டுதான் வாசலுக்கு வந்தார்.

நாகராஜ் உள்ளே ஓடி ரசீதை எடுத்துக்கொண்டு வந்தான். "சார், கட்டியாச்சு சார். தோ பாரு, சீலு கீது."

தணிகாசலம் அதை வாங்கிப் பார்த்தார். நன்றாகப் பார்த்துவிட்டே திருப்பிக் கொடுத்தார். "இது நீ சொன்னபடி செய்யாததுக்குத் தண்டனை. நான் வந்தது சொன்னதைச் செய்யறதுக்கு. அது வேற, இது வேற."

"ஒரு தப்புக்கு ரெண்டு வாட்டியா சார்?"

"ரெண்டு வாட்டி இல்லப்பா. நீ எடுத்திருந்தா நான் எதுக்கு வரேன்? நீ எடுக்கல, நாங்க எடுக்கறோம். எடுக்கற செலவு உன்னோடது. ஆர்டர்லயே இருக்கு."

தேவானை ஊறின அரிசியைக் காட்டினாள். "ஐயா, இத மட்டும் அரைச்சுக்கறேன். வெளியே கொட்டற பொருளா இது? அப்பால நீங்களே எட்த்துக்கினு போங்க."

"அரைக்கக் கூடாதுன்னு ஆர்டரு. என் கண்ணு முன்னாடி அரைச்சுட்டு இருந்தா நான் என்னத்தை எழுதறது?"

அவள் கேட்டது ஒன்றும் பெரிதில்லை. அந்த மனுஷன் சொன்னதும் பொய்யில்லை.

கடப்பாரையை மேடையில் போட்டார்கள். சிமெண்ட் பெயர்ந்ததும் அடியிலிருந்து கரப்பான் பூச்சிகள் கொத்தாகக் கிளம்பி நாலா பக்கமும் ஓடின. கூலி ஆள் ஒருவன் துள்ளிக் குதித்தான். "கலீஜுடா சாமி! இதுலயா இட்லி துன்றாங்க?" மேலே பால்கனியில் நின்ற ஃப்ளாட்டுக்காரர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அன்று காலையில்தான் தின்றிருந்தார்கள்.

வந்தவர்களுக்குக் கிரைண்டரைத் தூக்கத் தெரியவில்லை. கல்லைக் கழற்றாமல் சாய்த்தார்கள். கல்லைச் சுமந்த கிரைண்டர் குடம் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போக, ஒருவன் கால் நசுங்கப் பார்த்தது. "அய்ய, உடு உடு! அப்டி இல்ல" என்று நாகராஜ் பாய்ந்தான். கல்லை எடுத்தான், போல்டைத் தானே கழற்றினான், தோளைக் கொடுத்தான். இரண்டையும் சந்து முனை வரை அவன்தான் முன்னால் பிடித்துத் தூக்கிப் போனான். லாரியில் ஏற்றி, ஆடாமல் இருக்கக் கயிறும் அவன்தான் கட்டினான். கயிறு அவன் ஆட்டோவில் இருந்த கயிறு. தணிகாசலம் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். அவனுக்கும் ஒன்று.

இரண்டு வாரம் கழித்துச் செலவுக் கணக்கு வந்தது. லாரி, கடப்பாரைக் கூலி, தூக்குக் கூலி, டீ எல்லாம் இருந்தது. என்னிடம் கொண்டுவந்து காட்டினான்.

"நாலு ஆளு தூக்கினதா போட்டுக்கீது நைனா. நான் தூக்கினேன்ல? ஏங்கூலி எங்க?"

"போய்க் கேளு."

"கேட்டேன். ஒன்ன எவன் தூக்கச் சொன்னான்றாரு. நான் குட்ச்ச டீயும் ஏந்தலையிலதான் எழுதிக்கீறாங்க."

மெஷின்களை விற்று, அந்தத் தொகையைச் செலவில் கழித்துக்கொள்வார்கள் என்றார்கள். ஆபீஸ் வளாகத்திலேயே ஏலம். தேவானையும் வந்தாள். அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. சின்ன மெஷினாவது விலை குறைந்தால் தானே எடுத்து, ஜாபர்கான்பேட்டையில் தங்கச்சி வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று. சீட்டுப் பணம் கொஞ்சம் முடிந்து வைத்திருந்தாள். ஆனால் ஏலம் கேட்கும் முன்னால் கட்ட வேண்டிய முன்பணம் என்று ஒன்று இருப்பது எங்கள் யாருக்கும் தெரியவில்லை. தெரிந்தபோது அதைக் கட்டும் ஜன்னல் மூடியிருந்தது.

ஏலம் கேட்டவர்கள் நாலு பழைய இரும்புக்காரர்கள். நாலு பேரும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஒருவன் ஒரு விலை சொன்னான், அடுத்தவன் ஒரு துளி ஏற்றினான், மூன்றாமவன் கொட்டாவி விட்டான். சர்தார் என்கிறவர் பேருக்கு ஏலம் முடிந்தது. வயதானவர், வெற்றிலை வாய்.

"கல்லு எங்களுக்கு வோணாம் சார். இரும்பும் மோட்டாரும்தான்" என்றார் அவர்.

"கல்லை என்ன பண்றது?" என்றார் தணிகாசலம்.

"இங்கியே கெடக்கட்டும். யாரு தின்னப் போறா?"

கல்லுருளைகளைக் கழற்றி வேப்ப மரத்தடியில் உருட்டிவிட்டார்கள். தேவானை போய் அதைத் தொட்டுப் பார்த்தாள். சர்தார் அவளைப் பார்த்துவிட்டு, "ஒங்க மிஷினா தங்கச்சி? மோட்டாரு நல்லா வெச்சிகினுகீறீங்க" என்றார். பாராட்டாகத்தான் சொன்னார். அவள் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை.

எடைக்குப் போன விலை செலவுக்குப் பாதிகூடக் காணவில்லை. மீதி நின்றது.

ஏலம் முடிந்த கையோடு தேவானை வேறு வழி பண்ணிக்கொண்டாள். முடிந்து வைத்த சீட்டுப் பணத்தில் பழைய பிரிட்ஜ் ஒன்று, கண்ணாடிக் கதவு போட்டது, வாங்கி வாசல் அறையில் வைத்தாள். மாவைத் தங்கச்சி வீட்டில் அரைத்து, டப்பாக்களில் அடைத்து நாகராஜ் ஆட்டோவில் கொண்டுவந்து பிரிட்ஜில் வைத்து விற்றாள். இங்கே மெஷின் இல்லை, சத்தம் இல்லை, தண்ணீர் இல்லை. சந்து காய்ந்தது. என் படிக்குக் கீழே இருந்த பள்ளம் வெடித்துப் பாளம் பாளமாக வெள்ளையாக நின்றது. எனக்கும் சோறு இறங்கியது. மாமியும் வந்து வாங்கினாள். "இப்படி முதல்லயே பண்ணியிருக்கப்படாதா? நன்னாயிருக்கு பாரு இப்போ" என்றாள். சொன்னதில் தப்பில்லைதான். தேவானை தலையை ஆட்டிக்கொண்டு எடை போட்டாள். அந்த பிரிட்ஜ் போனால் அவளுக்கு அடுத்தது ஒன்றுமில்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

பங்குனி வெயில் நன்றாக ஏறின பிறகு ஒரு நாள் தணிகாசலம் மறுபடி வந்தார். அதே நாலு கூலி ஆட்கள். இந்தத் தடவை சின்ன தள்ளுவண்டி.

"மீதி நிக்குதும்மா. மூணு தடவை ஆள் விட்டேன். இன்னிக்கு ஜாமானை ஜப்தி பண்ணச் சொல்லிட்டாங்க."

"மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா கட்டறேனுங்க."

"எழுதிக் குடுத்தீங்களா?"

தேவானை நாகராஜைப் பார்த்தாள். எழுதிக் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு மாதமாக அலைந்தவன் அவன்தான். ஆட்டோவின் சக்கரத்தைக் காலால் உதைத்துக்கொண்டு நின்றான்.

தணிகாசலம் அறையைச் சுற்றிப் பார்த்தார். கட்டில், மிக்சி, தூக்குகள். விலை போகிற மாதிரி இருந்தது உள்ளே பிரிட்ஜ், வெளியே ஆட்டோ. இரண்டும்தான். மாமி தூக்கோடு வந்து படியில் நின்றாள். அரவம் கேட்டு இன்னும் நாலு பேர்.

"பாருங்க, ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன்" என்றார் தணிகாசலம். "ஆர்டர் நாகராஜ் பேர்ல. நாகராஜ் ஜாமானைத்தான் நான் தொட முடியும். வேற ஆள் ஜாமானை எடுத்தா நாளைக்கு எனக்குத் தலைவலி. இந்த பிரிட்ஜ் யாருது?"

"என்துங்க" என்றாள் தேவானை. "நான் சீட்டு எட்த்து வாங்கினது. அவுரு ஒரு காசு போடல."

"நீ சொல்லுப்பா. அந்தம்மா சொல்றது சரியா? சரின்னா பிரிட்ஜை விட்டுட்டு ஆட்டோவை எழுதிக்கறேன். ஏலத்துல மிச்சம் வந்தா உன்கிட்டயே தந்துடுவாங்க. இல்ல உன்னோடதுன்னா பிரிட்ஜே போதும், கணக்கு முடிஞ்சுது."

நாகராஜ் பிரிட்ஜைப் பார்க்கவில்லை. பெண்டாட்டியையும் பார்க்கவில்லை. ஆட்டோவின் பின்பக்கம் கையை வைத்திருந்தான். கை அங்கேயே இருந்தது. வெயிலில் தகரம் சுட்டிருக்கும். அவன் எடுக்கவில்லை.

"வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிக்கினுகீறே?" என்றேன். எனக்குப் பொறுக்கவில்லை. "பொம்பள அலைஞ்சு வாங்கினதுன்னு சொல்லேன்டா."

"வூட்ல கீற ஜாமான் எல்லாம் என்துதான் சார்" என்றான்.

தணிகாசலம் பேனாவைத் திறந்தார். அவருக்கே அந்தப் பதில் பிடிக்கவில்லை என்று முகம் காட்டியது. ஆனால் எழுதினார். அதற்குத்தான் சம்பளம்.

"அப்போ உள்ள இருக்கற மாவையெல்லாம் வெளியே எடுத்துடுங்கம்மா" என்றார்.

மாமி ஓரடி முன்னால் வந்தாள். "தேவானை, முதல்ல எனக்கு ஒரு கிலோ போட்டுடு. வெளில எடுத்து வெச்சா இந்த வெயிலுக்கு நாழிகைல பொங்கிப் புளிச்சுப் போயிடும்."

நான் காறித் துப்பினேன். யார் மேலேயும் இல்லை, சாக்கடையில்தான். சாக்கடை காய்ந்திருந்தது.

தேவானை மாமிக்குச் சரியாக ஒரு கிலோ எடை போட்டாள். மீதி டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டோவின் பின் சீட்டிலும் காலடியிலும் அடுக்கினாள். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. காலி பிரிட்ஜின் கதவைத் துடைத்து மூடினாள். கூலிக்காரர்கள் அதைச் சாய்த்தார்கள்.

"எங்க கொண்டுபோற?" என்றான் நாகராஜ்.

"தங்கச்சி வூட்டுக்கு. மாவு வீணாப் போவுது. வண்டிய எடு."

அவனுக்கு உயிர் வந்தது. ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். இனிமேல் வழியில் ஏதாவது பேசிச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைத்திருப்பான். அவள் ஏறவில்லை. வெளியே நின்றபடியே குனிந்து உள்ளே பார்த்தாள்.

"மீட்டர் போடு."

"இன்னாது?"

"காதுல வுழலியா? மீட்டர் போடு. ஜாமான் பூரா உன்துன்னியே, வண்டியும் உன்துதான். நான் சவாரி. துட்டு குட்த்துட்டு எறங்கிக்கறேன்."

"இன்னா தேவானை, ஜனங்க முன்னாடி..."

"அப்ப எவ்ளோன்னு சொல்லு. பேசிக்கினு ஏர்றேன்."

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் சந்தைப் பார்த்தேன். தணிகாசலம் எழுதுகிறதை நிறுத்திவிட்டு நின்றார். கூலிக்காரர்களும் பிரிட்ஜைப் பாதி சாய்த்தபடி நின்றுவிட்டார்கள்.

நாகராஜ் மீட்டரில் கிடந்த தூசியைக் கட்டை விரலால் துடைத்தான். பொத்தானை அழுத்தினான். சிவப்பு எண் எரிந்தது. அதைப் பார்த்துவிட்டுத்தான் அவள் ஏறினாள்.